தொட்டில் நூலா, தொல்லச்சு நூலா?

கொடைக்கானலில் பழைய புத்தகங்களைப் பற்றி நாலு பேர் பேச உட்கார்ந்தால், யாராவது ஒருவர் ‘தொட்டில் நூல்கள்’ என்று ஆரம்பித்துவிடுகிறார். போன சீசனில் ஏரிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் அதைப் பெரிய எழுத்தில் அட்டையாகவே எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு ஓர் அம்மா, “கைக்குழந்தைக்குப் படம் போட்ட புத்தகம் இருக்கா தம்பி?” என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

அந்த அட்டை சொல்ல வந்தது ஐரோப்பாவின் தொடக்க கால அச்சுப் புத்தகங்களை. அவற்றுக்கான மூலச்சொல் ‘இன்குனாபுலா’. லத்தீனில் குழந்தையைச் சுற்றும் துணி, தொட்டில் என்று பொருள். அதிலிருந்தே ‘பிறப்பு’, ‘தொடக்கம்’ என்ற பொருளும் அந்த மொழியில் வெகுகாலமாக உண்டு. 1640இல் பெர்னார்ட் ஃபான் மாலின்க்ரோட் என்பவர் அச்சுக்கலையின் தொடக்க காலத்தைக் குறிக்க இந்தச் சொல்லைக் கையாண்டார். பிறகு அது காலத்தை விட்டு அந்தக் காலத்துப் புத்தகங்களுக்கே பெயராகிவிட்டது. ஐரோப்பாவில் பெயர்த்தெடுக்கும் உலோக எழுத்துகளைக் கோத்து, 1500 முடிவதற்குள் அச்சிட்டவை எல்லாம் இதில் அடங்கும். 1455ஐ ஒட்டி ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட, பக்கத்துக்கு 42 வரி கொண்ட பைபிள் இவற்றில் பெரும்புகழ் பெற்றது.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தொட்டில் கட்சிக்காரர்கள் முதலில் ஜெர்மானியரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர்கள் ‘வீகன்ட்ரூக்’ என்கிறார்களே, ‘வீகெ’ என்றால் தொட்டில்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் சொல்லின் பின்பாதியைப் பாருங்கள்: ‘ட்ரூக்’ என்றால் அச்சு. தொட்டில் நூலில் அச்சு எங்கே போனது? இந்தப் புத்தகங்களுக்குத் தனிப்பெயர் வந்ததே அவை கையால் எழுதாமல் அச்சிட்டவை என்பதால்தான். அந்த உயிரை எடுத்துவிட்டு வெறும் தொட்டிலை மட்டும் நமக்குக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது, தொட்டில் என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள வாழ்வு. தாலாட்டு, தூளி, பேர் வைக்கும் நாள், இவைதான் உடனே நினைவுக்கு வரும். ‘தொட்டில் குழந்தை’ என்றாலோ 1992இல் அரசு தொடங்கிய திட்டமும், கைவிடப்பட்ட பெண் சிசுக்களும் கண்முன் வந்து நிற்கும். இத்தனை கனமான ஒரு சொல்லை வெனிஸ் நகரத்து அச்சுப் புத்தகத்தின் மேல் ஏற்றுவது தமிழுக்கும் நல்லதில்லை, அந்தப் புத்தகத்துக்கும் நல்லதில்லை.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று பழமொழியைக் காட்டுபவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் வலுவானது இதுதான், ஏனென்றால் தொடக்க கால அச்சின் பழக்கங்கள் நிஜமாகவே நீடித்தன. முதல் அச்சர்கள் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத்தான் எழுத்து வார்த்தார்கள். முதலெழுத்தை ஓவியர் வண்ணத்தில் வரையட்டும் என்று இடம் விட்டார்கள். அச்சிட்டவர், ஊர், நாள் ஆகியவற்றைப் பெரும்பாலும் நூலின் கடைசியில்தான் போட்டார்கள், நம் ஏட்டுச் சுவடியில் எழுதி முடித்தவர் தன் பேரையும் நாளையும் இறுதியில் குறித்ததைப் போல. 1470இல் வெனிசில் நிக்கோலா ஜான்சன் வார்த்த ரோமன் எழுத்தின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் ஐரோப்பியர் படிக்கிறார்கள். தமிழிலும் அப்படியே. 1578இல் கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமலே வந்தது. ஓலை கிழியுமே என்று விட்ட புள்ளி, உலோக எழுத்துக்கு வந்த பிறகும் உடனே திரும்பவில்லை. இதெல்லாம் சரி. ஆனால் பழமொழி பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. அதை வைத்துப் புத்தகத்துக்குப் பெயர் சூட்ட முடியாது.

‘முதலச்சு நூல்’ என்பது இதைவிடத் தேவலாம். ஆனால் முதற்பதிப்போடு குழம்பும். 1900க்குப் பிறகு வந்த ஒரு நாவலின் முதற்பதிப்பையும் அப்படிச் சொல்லிவிடலாமே.

என் தேர்வு ‘தொல்லச்சு நூல்’. தொல்லியல், தொல்லெழுத்து என்று ஏற்கெனவே நாக்குக்குப் பழகிய வார்ப்பு இது. பழமையும் இருக்கிறது, அச்சும் இருக்கிறது. சேர்த்துச் சொல்லவும் வசதி: ஐரோப்பியத் தொல்லச்சு, தமிழ்த் தொல்லச்சு. 1578, 1579, 1586 ஆண்டுகளில் வந்த நம் முதல் நூல்கள் 1500 எல்லைக்குள் வராதவை. அவற்றையும் தனியாகப் பேச ‘தமிழ்த் தொல்லச்சு’ இடம் கொடுக்கிறது.

இன்னொரு கோளாறும் மலையில் பெருகிவருகிறது. பழைய பங்களாவிலிருந்து வரும் பூஞ்சை படிந்த புத்தகத்தையெல்லாம் ‘இன்குனாபுலா’ என்று விலை ஏற்றி விற்கிறார்கள். கொடைக்கானலில் வெள்ளைக்காரர் குடியேறியதே 1845இல். அவர்கள் கொண்டுவந்ததில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள். அவை பழைய நூல்கள், அரியவையாகவும் இருக்கலாம், தொல்லச்சு ஆகா. பக்கத்துச் செண்பகனூரில் இயேசு சபையார் மதுரை மறைமாநில ஆவணங்களைக் காத்துவருகிறார்கள். அங்கே இருப்பவற்றிலும் கடிதம், கையெழுத்துப் பிரதி, அச்சு நூல் என்று பிரித்துத்தான் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே லத்தீன் சொல்லைப் போர்த்துவது அங்கே வேலை செய்தவர்களின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டாதீர்கள். அந்தச் சொல் இன்று எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள், அப்புறம் எழுதியதை ஒருமுறை யாரிடமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நூற்பட்டியலில் லத்தீன் பெயரும் வேண்டுமென்றால் ‘தொல்லச்சு நூல் (இன்குனாபுலா)’ என்று ஒரு தடவை போட்டு, பக்கத்தில் அச்சான ஆண்டையும் ஊரையும் குறித்துவிடுங்கள்.