ப்ளூ டேங்குக்குக் காப்பர் ஒத்துக்காதா?

புதிதாக வாங்கிய ப்ளூ டேங் என்ற கடல் மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல், வெண்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய்க்குப் பயந்து தனித்தொட்டியில் வைத்துக் காப்பர் (தாமிர) மருந்து போடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நான்காம் நாள் மீன் இரையைத் தொடாமல் மூலையில் நின்று மூச்சு வாங்கினால், ‘டேங்குக்குக் காப்பர் ஒத்துக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அளவு சரியாக இருந்தால் ஒத்துக்கொள்ளும். அளவு தவறிய காப்பர், அம்மோனியா, ஒளிய இடமில்லாத வெறும் கண்ணாடி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்த மீனுக்கும் ஒத்துக்கொள்ளாது.

கோளாறு பெரும்பாலும் பையிலேயே தொடங்கிவிடும். கூரியரில் இரவு முழுக்க வந்த பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் மீன் வெளியேற்றிய அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாக நஞ்சில்லாத அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. திறந்த பையில் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குபவர்கள், நல்லது செய்வதாக நினைத்து மீனை அந்த நஞ்சிலேயே ஊறப்போடுகிறார்கள்.

கடைத் தொட்டியின் உப்பளவை முந்தின நாளே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவில் வைத்திருங்கள். பையை மூடியபடியே 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். திறந்ததும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பைத்தண்ணீரைப் பாருங்கள். ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (ஒப்படர்த்தி) வித்தியாசம் 0.002-க்குள் இருந்தால் உடனே மீனை மாற்றிவிடலாம், பைத்தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. வலை வேண்டாம். டேங்கின் வால் அடியில் கத்தி மாதிரி ஒரு முள் உண்டு, அது வலையில் மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டாலும் வலை உரசிச் சளிப்படலம் போய்விடும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுப்பதே சரி.

தொட்டியில் மணலோ பவளக் கல்லோ போடாதீர்கள், இரண்டும் காப்பரை உறிஞ்சும். மீன் நுழைந்து திரும்பும் அளவுக்கு அகலமான பிவிசி எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) இரண்டு மூன்று ஒளிவதற்குப் போதும். மூன்று பக்கமும் அடியிலும் வெளியிலிருந்து பழுப்புத்தாள் ஒட்டிவிட்டால், கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து மிரள்வது குறையும். முதல் இரண்டு நாள் விளக்கு தேவையில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரை, நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் சம்ப்பில் (வடிகட்டித் தொட்டியில்) குறைந்தது நான்கு வாரம் ஊறப்போட்டு எடுத்து வந்தால்தான் பலன். கடையில் வாங்கிய புது ஸ்பாஞ்சில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா கிடையாது.

இனி மருந்து. 60×30×30 செ.மீ. தொட்டி என்றால் கணக்கில் 54 லிட்டர் வரும். 5 மி.மீ. கண்ணாடியைக் கழித்து, 26 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் உண்மையில் இருப்பது 44.5 லிட்டர்தான். 54 லிட்டருக்கென்று 2.5 பிபிஎம் (லிட்டருக்கு 2.5 மி.கி.) கணக்கில் ஊற்றினால், உள்ளே 3 பிபிஎம் ஆகியிருக்கும். கீலேட்டட் காப்பருக்கு, அதாவது வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்த காப்பருக்கு, 2.0 முதல் 2.5 பிபிஎம் வரை சரியான அளவு. கீலேட் இல்லாத அயனிக் காப்பருக்கு இந்த எண் பொருந்தவே பொருந்தாது, அதற்கு 0.15 முதல் 0.20 மி.கி./லிட்டர்தான். புட்டியில் எது என்று பார்க்காமல் ஊற்றினால் அன்றைக்கே மீன் போய்விடும்.

கீலேட்டட் காப்பர் என்றால் முதல் நாள் 1 பிபிஎம் வையுங்கள். மீன் சாப்பிட்டால் அடுத்த மூன்று நாளில் படிப்படியாக 2-க்கு மேல் கொண்டுவாருங்கள். சாப்பிடவில்லையென்றால் ஒரு நாள் அப்படியே நிறுத்திப் பாருங்கள். வெல்வெட் நோய் (இன்னொரு ஒட்டுண்ணி நோய்) என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த நிதானம் கூடாது. அது சில நாட்களிலேயே கொன்றுவிடும் என்பதால், ஒன்றிரண்டு நாளுக்குள் முழு அளவுக்குப் போய்விட வேண்டும். தினமும் டிஜிட்டல் செக்கரில் காப்பரை அளந்து எழுதிவையுங்கள். ஆவியான தண்ணீருக்குப் பதில் வெறும் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பும் காப்பரும் ஆவியாவதில்லை. தண்ணீர் மாற்றும்போது கதை வேறு: 10 லிட்டர் எடுத்தால், உள்ளே வரும் 10 லிட்டரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும்.

மருந்து போட்ட மூன்றாம் நான்காம் நாள் புள்ளிகள் கூடினால் பதறி டோஸைக் கூட்டாதீர்கள். தோலுக்குள் புகுந்துவிட்ட ஒட்டுண்ணியைக் காப்பர் தொடாது, தண்ணீரில் நீந்தும் குஞ்சுகளைத்தான் கொல்லும். ஏற்கெனவே ஏறியவை வளர்ந்து உதிர ஒரு வாரம் வரை ஆகும்.

அம்மோனியா கூடும்போது அதைக் கட்டும் கண்டிஷனரைக் காப்பர் தொட்டியில் ஊற்றுவது பெரிய தவறு. அவற்றில் பல, காப்பரை அதைவிட நச்சான வடிவுக்கு மாற்றிவிடும். தண்ணீர் மாற்றுவது ஒன்றே பாதுகாப்பான வழி.

சென்னை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் தேவை அதிகம். தண்ணீர் மேல் வீசும் சின்ன ஃபேன் ஒன்றும், கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கிவையுங்கள். அந்தச் செலவுக்காகக் காப்பர் வாங்குவதைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

மீன் எப்படி இருக்கிறது என்பதைச் செவுள் சொல்லும். முதல் நாள் அமைதியாக நிற்கும்போது 15 விநாடிக்கு எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, தினமும் அதோடு ஒப்பிடுங்கள். இரவில் எல்போவுக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தால் பயப்பட வேண்டாம். ப்ளூ டேங் தூங்குவதே அப்படித்தான், மிரண்டாலும் அப்படிப் படுத்துக்கொள்ளும். பகலில் வெட்டவெளியில் மூச்சிரைக்கக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும், உடனே அம்மோனியாவையும் காப்பரையும் அளந்து பாருங்கள்.

நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) துண்டை கிளிப்பில் மாட்டி எல்போ பக்கத்திலேயே வையுங்கள், மீனை வெளியே வரவழைக்க வேண்டியதில்லை. மைசிஸ் (சிறு இறால் இரை) கொடுத்தால் பத்து நிமிடத்தில் மீதியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். 2 பிபிஎம்முக்குக் குறையாமல் 30 நாள் முடிந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். அன்றைக்கும் வலை வேண்டாம், அதே டப்பாதான்.