ஈரலில் கொழுப்பா? சத்துக் குளிசையைத் தொடுமுன்

ஈரலில் கொழுப்பு என்று ஸ்கான் ரிப்போர்ட்டில் வந்ததும் எங்கள் ஆட்களில் பலர் முதலில் செய்வது, கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளைக்கு போன் எடுப்பதுதான். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் பெரிய போத்தல் ஒன்று வந்து சேரும். "எல்லாச் சத்தும் இதிலை இருக்காம் டொக்டர்" என்று மேசையில் வைப்பார்கள். திருப்பிப் பார்த்தால் இரும்பு, நாகம் (சிங்க்), செம்பு, மகனீசியம், செலீனியம் என்று பட்டியல் நீளும்.

சத்துத்தானே, கூடினால் சலத்தோடு போய்விடும் என்று நினைக்கிறார்கள். இரும்புக்கு அந்தக் கதை சரிவராது. மிஞ்சின இரும்பை வெளியேற்ற உடம்புக்கு ஒழுங்கான வழி கிடையாது, உள்ளே எவ்வளவு விடுவது என்பதை மட்டும்தான் அது கட்டுப்படுத்த முடியும். அதைப் பார்த்துக்கொள்வது ஹெப்சிடின் என்ற ஹோர்மோன். அதைச் சுரப்பதே ஈரல்தான்.

குளிசையில் உள்ள இரும்பில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகிறது. இரும்புக் குளிசை எடுப்பவர்களுக்கு மலம் கறுப்பாகப் போவதும் இதனால்தான். அங்கே இரும்புக்காகக் காத்திருப்பது ஈ.கோலை போன்ற பக்டீரியாக்கள். நமக்கு வேண்டிய லாக்டோபசிலஸ் வகைகளுக்கு இரும்பு அவ்வளவாகத் தேவையில்லை, ஆகவே இரும்பைக் கொட்டக் கொட்டப் பலன் மற்றப் பக்கத்துக்குப் போகும். கென்யாவில் கைக்குழந்தைகளின் உணவில் இரும்புப் பொடி கலந்து கொடுத்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. நோய் தரும் பக்டீரியாக்களும் குடல் அழற்சியும் கூடியிருந்தன.

குடலில் நடப்பதற்கும் ஈரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால்வாசி, குடல் பக்கமிருந்து நேரே வருவது. குடற்சுவர் தளர்ந்தால் பக்டீரியாவின் உடைந்த துண்டுகளும் அந்த இரத்தத்தோடு போய் ஈரலில் அழற்சியைக் கிளப்பும், ஏற்கெனவே கொழுப்புப் படிந்த ஈரலுக்கு அது இன்னோர் அடி.

நாகம் அந்தச் சுவரை இறுக்கமாக வைத்திருக்க உதவுவது. ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கு, முக்கியமாகக் குடியால் அப்படியானவர்களுக்கு, அது குறைந்திருப்பதை அடிக்கடி காண்கிறோம், பார்த்துத்தான் கொடுப்போம். அதற்காகத் தினமும் 50 மில்லிகிராம் குளிசையை மாதக்கணக்கில் தானாக விழுங்கினால் செம்பு குறைந்து இரத்தசோகையில் போய் நிற்கலாம். வளர்ந்தவர்களுக்கு உச்ச அளவே நாளுக்கு 40தான்.

யாரும் கணக்கில் எடுக்காத கனிமம் உப்பு. 2017இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளுக்கு உப்பைக் கூட்டியபோது லாக்டோபசிலஸ் சரிந்தது, சில ஆண்களுக்கு நாளுக்கு 6 கிராம் கூடுதலாகக் கொடுத்து இரண்டு கிழமை பார்த்தபோதும் அதே போக்குத்தான், பிரஷரும் ஏறியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய், பின்னேரம் மிக்சர், இரவு கடைக் கொத்து என்று ஒரு நாள் போனால் அது எத்தனை கரண்டி? வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கு நான் கருவாட்டை அடியோடு நிறுத்தச் சொல்வதுண்டு. வீட்டில் சண்டை வரும், தெரியும்.

கனிமத்தைச் சாப்பாட்டிலிருந்து எடுப்பது வேறு விஷயம். முருங்கையிலை, பயறு, எள்ளு, ஒடியல் மா இவற்றில் நாரும் கூடவே வருகிறது; பக்டீரியா அந்த நாரைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் அமிலங்கள் கல்சியமும் மகனீசியமும் பெருங்குடலில் உறிஞ்சப்பட உதவுகின்றன. தோசை மாவைப் புளிக்கவிடுவதால் தானியத்தில் கட்டுண்டு கிடக்கிற இரும்பும் நாகமும் கொஞ்சம் விடுபடும். ஒடியற்கூழ் நல்லதுதான், உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள்.

பெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட்டைக் கண்டு பயந்து வருபவர்களும் உண்டு. கொழுப்பு ஈரலில் அழற்சியாலேயே அது ஏறி நிற்கும், அதை வைத்து இரும்பு நிரம்பிவிட்டது என்று சொல்ல முடியாது. டிரான்ஸ்பெரின் சாச்சுரேஷனையும் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) சேர்த்துப் பாருங்கள் என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, கர்ப்பிணித் தாய்மார் இதை வாசித்துவிட்டு கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையை நிறுத்திவிட வேண்டாம், அது உங்களுக்கும் பிள்ளைக்கும் கட்டாயம் வேண்டும். தேத்தண்ணீரோடு விழுங்காமல் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள், கல்சியக் குளிசையை வேறு நேரத்துக்கு வையுங்கள்.