தோரா: சட்டமா, நெறியா?

யூதர்களின் மறைநூல்களில் முதன்மையானது தோரா. ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரையிலான மோசேயின் ஐந்து நூல்கள். இந்தச் சொல்லுக்குத் தமிழில் பொருள் கேட்டால் பெரும்பாலும் 'சட்டம்' என்றுதான் பதில் வரும். பழைய தமிழ் பைபிளில் 'நியாயப்பிரமாணம்', திருவிவிலியத்தில் 'திருச்சட்டம்'. சிறு வயதில் நியாயப்பிரமாணம் என்று காதில் விழுந்தாலே எனக்குக் கோர்ட்டும் கூண்டும்தான் கண்முன் வரும். எபிரேயச் சொல்லுக்குள் கோர்ட் இல்லை. ஒரு கை நீண்டு வழி காட்டுகிறது.

தோராவின் வேர் யோத், ரேஷ், ஹே என்ற மூன்று எழுத்துகள். அதிலிருந்து வரும் 'ஹோரா' என்ற வினைக்குச் சுட்டிக்காட்டு, கற்பி என்று பொருள். எகிப்துக்குக் குடிபெயரும் யாக்கோபு, அங்குள்ள கோசேன் பகுதிக்கு வழி காட்டுவதற்காகத் தன் மகன் யூதாவை முன்னே அனுப்புகிறார். அங்கே வருவது இந்த வினைதான். பாலைவனத்தில் மாரா என்ற இடத்தில் தண்ணீர் கசந்தபோது கடவுள் மோசேக்கு ஒரு மரத்தைக் காண்பிக்கிறார், அங்கேயும் இதுதான். இன்றைக்கு இஸ்ரேலில் பள்ளி ஆசிரியருக்கு 'மோரே', ஆசிரியைக்கு 'மோரா' என்று பெயர்.

அம்பு எய்வதற்கும் இதே மூன்று எழுத்துகளில் ஒரு வினை உண்டு. இரண்டும் ஒரே வேரா, ஒலி மட்டும் ஒத்துப்போனதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பாவத்துக்கு எபிரேயத்தில் 'ஹேத்'. அதன் வினைக்குக் குறி தப்புதல் என்றும் பொருள். ஒரு மயிரிழையைக்கூடத் தப்பாமல் கவண் எறியும் பென்யமீன் வீரர்களைப் பற்றிச் சொல்லும்போது அந்த வினை வருகிறது. தமிழுக்கு இது புதிதே அல்ல. குறி தவறினாலும் தவறு, செயல் தவறினாலும் தவறு. 'யானை பிழைத்த வேல்' என்று குறளில் வரும் 'பிழைத்த' என்பதற்கும் குறி தப்பிய என்பதே பொருள்.

சரி, சட்டம் எங்கிருந்து வந்தது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இந்த ஐந்து நூல்களையும் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் தோராவை 'நோமோஸ்' என்றார்கள். லத்தீன் அதை 'லெக்ஸ்' ஆக்கியது. ஐரோப்பிய மொழிகள் பின்தொடர்ந்தன, நம் நியாயப்பிரமாணமும் அந்த வரிசையில்தான் வருகிறது. முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். தோராவில் 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபு கணக்கிடுகிறது. ஆனால் அந்த 613இல் ஆதியாகமத்துக்கு உரியவை மூன்றே மூன்று! அந்த நூலின் மீதியெல்லாம் கதை: சகோதரச் சண்டை, பஞ்சம், ஏமாற்று, மன்னிப்பு. சட்டப் புத்தகம் இப்படித் தொடங்காது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். முதலாம் சங்கீதத்தில் தோராவை 'வேதம்' என்றார்கள். நீதிமொழிகளில் 'உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே' என்று ஓர் அருமையான வரி இருக்கிறது. அந்தப் 'போதகம்' எபிரேய மூலத்தில் தோரா! அம்மா சொல்லித் தருவதைச் சட்டம் என்று எழுத யாருக்குக் கை வரும்?

இந்தச் சொல் உயிரோடு இருக்கும் இடம் யூதத் தொழுகைக்கூடம். ஓய்வுநாளான சனிக்கிழமைக் காலையில் பேழையைத் திறந்து தோராச் சுருளை எடுத்துச் சபை நடுவே கொண்டுவருவார்கள். தோலில் கையால் எழுதிய சுருள், 3,04,805 எழுத்துகள். வாசிப்பவர் விரலால் தொடுவதில்லை. சுட்டுவிரல் நீட்டிய சிறு கை போன்ற ஒரு கோலால் வரியைத் தொடர்கிறார். அதன் பெயர் 'யாத்', அதாவது கை. ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாக்கி ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். இலையுதிர்காலத்துச் சுக்கோத் பண்டிகையை ஒட்டி வரும் சிம்ஹத் தோரா நாளில் உபாகமத்தின் கடைசி வரியை வாசித்ததும், மூச்சு விடாமல் ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தொழுகைக்கூடத்தை 'ஷூல்' என்பார்கள், பள்ளிக்கூடம் என்று பொருள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடத்தை மலையாளத்தில் 'ஜூதப்பள்ளி' என்கிறார்கள். வழிபடும் இடமும் படிக்கும் இடமும் ஒரே சொல்லில். நம் 'பள்ளி'யும் அப்படித்தானே?

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பாஸ்கா பண்டிகைக்கு ஏழு வாரம் கழித்து வருகிறது ஷாவுவோத் பண்டிகை. தோராவின்படி அது கோதுமை அறுவடை விழா. சீனாய் மலையில் தோரா தரப்பட்ட நாள் என்பது பிற்கால ரபிமார், அதாவது யூத மத அறிஞர்கள், சேர்த்த பொருள். அன்றிரவு பல சபைகளில் விடிய விடியப் படிப்பார்கள். அப்புறம் பைபிளில் வரும் ரூத் என்ற பெண்ணின் கதையை வாசிப்பார்கள். அந்நிய நாட்டுக்காரி, விதவை, ஊரார் வயலில் சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். அவள் பொறுக்கியதற்கு இடம் கொடுத்தது லேவியராகமம் 19ஆம் அதிகாரம்: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. எவ்வளவு விடவேண்டும்? தோரா அளவு சொல்லவில்லை. 60இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று ரபிமார் வரம்பு கட்டினார்கள். ஆனால் 'அளவே இல்லாதவை' என்று அவர்களே தந்த பட்டியலில் வயலோரமும் இருக்கிறது, அன்புச் செயலும் இருக்கிறது, தோரா கற்பதும் இருக்கிறது. எனக்கு இந்தச் சொல் விளங்கியது இந்த இடத்தில்தான். சட்டம் குறைந்தபட்சத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். தோரா திசையைக் காட்டுகிறது, எவ்வளவு தூரம் போவது என்பதை நடப்பவரிடம் விடுகிறது. நிலமே இல்லாத நகரத்து யூதர் அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது, தன் சம்பளத்தில் எது வயலோரம் என்று கேட்டுக்கொள்ள முடிகிறது.

இதற்குத் தமிழில் 'நெறி'யைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. நெறி என்றால் பாதை. நெறி என்றால் ஒழுக்கமும்தான். யூதர்களின் நடைமுறை விதிகளுக்கு 'ஹலாக்கா' என்று பெயர், நட என்னும் வினையிலிருந்து பிறந்தது. அதற்கு 'ஒழுகலாறு' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஜோடியாக நிற்கும். சுருளையும் ஐந்து நூல்களையும் குறிக்கும்போது 'தோரா' என்றே எழுதலாம், 'தோராச் சுருள்', 'தோரா வாசிப்பு' என்பவை நன்றாகவே ஒலிக்கின்றன. பொருளைச் சொல்லவேண்டிய இடத்தில் 'நெறி' என்போம். நீதிமொழிகளின் அந்த வரி அப்போது இப்படி வரும்: உன் தாய் காட்டிய நெறியைத் தள்ளாதே.