டிஷியனின் வானம் நீலம் மங்காதது ஏன்?

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ‘பாக்கஸும் அரியாட்னேயும்’ என்ற ஓவியத்தை, வெனிஸ் ஓவியர் டிஷியன் ஃபெராராவின் கோமகன் அல்ஃபோன்ஸோ தெஸ்தேவுக்காக 1520-23 ஆண்டுகளில் தீட்டினார். தீசியஸ் நாக்ஸோஸ் தீவில் கைவிட்டுச் சென்ற அரியாட்னேயைக் கண்டு, மதுக்கடவுள் பாக்கஸ் தன் தேரிலிருந்து பாயும் கணம் அது. கதையைவிட வியப்பூட்டுவது, 500 ஆண்டுகளாகியும் நிறம் குன்றாத அதன் வானமே.

அந்த வானத்திலும் அரியாட்னேயின் ஆடையிலும் உள்ள நிறமி அல்ட்ராமரைன். அதற்கான லாபிஸ் லாசுலி கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து வந்தது. நீலக் கனிமமான லாசுரைட்டுடன் வெண்ணிறக் கால்சைட்டும் பொன்னிறப் பைரைட்டும் கலந்திருப்பதால், கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் பூத்த தூளே கிடைக்கும். ஆகவே அத்தூளை மெழுகும் பிசினும் சேர்த்து உருண்டையாக்கி, காரநீருக்குள் வைத்துப் பிசைந்தார்கள். நீலத் துகள்கள் நழுவி நீரின் அடியில் படிய, பிற கனிமங்கள் பெரும்பாலும் உருண்டையிலேயே தங்கின. முதலில் இறங்குவதே செறிந்த நீலம். அடுத்தடுத்து வருபவை வெளிறிக்கொண்டே போகும்.

இந்நிறத்துக்குக் காரணம் மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த ஓர் அயனி. அது 600 நானோமீட்டர் அளவிலான ஆரஞ்சு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நமக்கு நீலம் எஞ்சுகிறது. பல தாவரச் சாயங்களின் மூலக்கூறுகளை ஒளியும் ஆக்சிஜனும் சிதைத்துவிடுகின்றன. இங்கோ, அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய கூண்டுக்குள் கந்தக அயனி பத்திரமாக இருக்கிறது. அமிலம் பட்டால் மட்டும் அந்தக் கூண்டு உடையும்.

இந்நிறமிக்கு ஒரு சிக்கலும் உண்டு. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் அதற்கு ஏறத்தாழ 1.5; ஆளிவிதை எண்ணெயின் எண்ணும் அதை ஒட்டியதே. எனவே எண்ணெயில் குழைத்தால் ஒளி சிதறாமல் உள்ளே சென்றுவிட, நீலம் இருண்டு தெரியும். ஒளிவிலகல் எண் 2 அளவுள்ள ஈய வெள்ளையைக் கலந்தால்தான் ஒளி சிதறி, பகல் வானத்தின் வெளிச்சம் கிடைக்கும்.

உண்மையில் முதுமையடைந்தது மேலே பூசிய வார்னிஷ்தான். பிசின் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும்போது, நீல ஒளியை அதுவே தடுத்துவிடுகிறது. 1967-69இல் அதை அகற்றியபோது, வண்ணங்கள் கண்ணைப் பறிப்பதாகச் சிலர் குறைகூறினர். நீலத்தைப் பொறுத்தவரை அந்தக் குறையில் வலுவில்லை. ஆனால் செம்பு சார்ந்த சில பச்சை நிறமிகள் காலப்போக்கில் பழுப்பாகக் கூடியவை என்பதால், வார்னிஷை நீக்குவதாலேயே பழைய ஓவியமொன்றில் வண்ணங்களுக்கிடையே இருந்த சமநிலை முழுதும் திரும்பிவிடும் என்று சொல்வதற்கில்லை.