பகா எண்

காட்பாடியில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளிடம் பிரைம் நம்பர் என்றால் என்ன என்று கேட்டால், "ஒண்ணாலயும் அதே நம்பராலயும் மட்டும்தான் டிவைட் ஆகும் சார்" என்று கடகடவெனச் சொல்லிவிடுவார்கள். அதற்கு ஏன் பிரைம் என்று பெயர்? அங்கே அமைதி. பெயரில் அந்தப் பொருள் இல்லையே, பாவம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்! லத்தீனில் 'பிரைமஸ்' என்றால் முதலாவது. கிரேக்கர்கள் வைத்த 'புரோட்டோஸ்' என்ற பெயருக்கும் அதே பொருள்தான்.

தமிழில் இது பகா எண். 'பகு' என்றால் பிரி, பங்கிடு. பகுதி, பகிர்தல் எல்லாம் இந்த வேரின் கிளைகள். பகாத எண் என்பது சுருங்கிப் பகா எண் ஆனது. வாடாத மல்லி வாடாமல்லி ஆனதுபோல. ஆற்காட்டு மக்கன் பேடா பன்னிரண்டைத் தட்டில் மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்காக அடுக்கலாம். பதின்மூன்றை? எப்படி முயன்றாலும் ஒரே நீள வரிசைதான். அதுதான் பகாமை.

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறது. 'வேலூரான்' பகுபதம்: வேலூர், ஆன் என்று பிரியும். 'நீர்' பகாப்பதம், உடைத்தால் பொருள் போய்விடும். சொல்லுக்கு இருந்த இந்தப் பெயர் எண்ணுக்கும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது.

சரி, ஓர் எண் பகுமா பகாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேலூரின் பின்கோடு 632001. ஒன்றில் முடிவதால் பகா எண் போலத் தோன்றும். இலக்கங்களைக் கூட்டினால் 12, ஆக மூன்றால் வகுபடும். பெரிய எண்களில் இவ்வளவு எளிதாக அமையாது. 2ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டினால் 4294967297. பிரெஞ்சுக் கணிதர் பெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணிதர் இது 641 × 6700417 என்று காட்டினார். இதன் பகாக் காரணி, அதாவது இதை மீதியின்றி வகுக்கும் பகா எண், எதுவானாலும் 64ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பது அவர் கண்ட வழி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே எண் உடைந்துவிடுகிறது!

எழுதும்போது ஒரு கவனம்: பகா எண்ணில் ஒற்று மிகாது, பகாக் காரணியில் 'க்' மிகும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எண்ணாலும் வகுபடும் எண்ணுக்குப் பகு எண் என்று பெயர். 1 இரண்டிலும் சேராது. அப்புறம், பாடநூலில் வரும் 'சார்பகா எண்கள்' வேறு. 8, 9 இரண்டும் தனித்தனியே பகு எண்கள்தான்; ஆனால் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால் ஒன்றைச் சார்ந்து மற்றொன்று பகா.