நடுவில் இருக்கும் வெறுங்கோடு

நகரத்தில் வளரும் ஏழு வயதுக் குழந்தையிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, வெளியூரில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போகும் வழியை வரையச் சொன்னால், பெரும்பாலும் தாளின் ஒரு மூலையில் மாடிப்படியும் தெருமுனையும், மறுமூலையில் கிணறும் மரமும் இருக்கும். நடுவில் ஒரு கோடு மட்டும் ஓடும். எவ்வளவு தூரம் என்று கேட்டால், "தூங்கி எழுந்தால் வந்துவிடும்" என்று பதில் வரும். அந்தப் பதிலை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. தன் மூளைக்குக் கிடைத்ததைக் குழந்தை சரியாகவே சொல்கிறது.

எலியின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் 'இடச் செல்கள்' என்ற நரம்புச் செல்கள் இருப்பதை ஜான் ஓகீஃப் 1971-இல் அறிவித்தார். அதன் அருகிலேயே, தரையை அறுகோண ஒழுங்கில் அளப்பதுபோல் இயங்கும் செல்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005-இல் கண்டறிந்தார்கள். மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள். காலடி, திரும்பும் உடல், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆகியவை அனுப்பும் செய்திகள் இந்த அளவைக்குத் தேவைப்படுகின்றன. தானே ஓடாமல் சிறு வண்டியில் வைத்து ஓட்டிச் செல்லப்பட்ட எலியின் இடச் செல்கள், குறைந்த தூரமே நகர்ந்ததுபோல, அகன்ற பரப்பில் தெளிவின்றித் துடித்தன. காரின் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கு அந்தச் செய்திகளோடு ஜன்னல் காட்சியும் இல்லாமல் போகிறது.

உடல் தராத அளவை நேரம் தருகிறது. சிறு குழந்தைகள் நேரத்தையும் தூரத்தையும் வேகத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே விரிவாக ஆராய்ந்தார். பெரியவர்களும் "அரை மணி நேரத் தூரம்" என்றுதான் பேசுகிறோம், ஆனால் வேகத்தைக் கணக்கில் சேர்த்துத் திருத்திக்கொள்கிறோம். நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து அடைந்த நகரின் மறுகோடி, நெடுஞ்சாலையில் அதே நேரத்தில் அடைந்த பக்கத்து ஊருக்குச் சமமான தொலைவு என்றே குழந்தை எண்ணும்.

ஓர் இடம் இன்னொன்றுக்குள் அடங்கும் என்பதும் மெல்லத்தான் புரிகிறது. ஜெனிவா சுவிட்சர்லாந்தில்தான் இருக்கிறது என்று வாயால் சொன்ன சிறுவர்களே, இரண்டையும் வரையச் சொன்னபோது அருகருகே இரு வட்டங்களாக வரைந்ததைப் பியாஜே பதிவு செய்திருக்கிறார்.

நகரம் என்பதால் மட்டும் இப்படி நேர்வதில்லை. எங்கும் வண்டியிலேயே கொண்டுபோகப்படும் கிராமத்துக் குழந்தைக்கும் இதே நிலைதான். வழியில் விழித்திருக்கச் செய்து, இறங்கி நடக்கவிட்டு, அடுத்து எந்த ஊர் என்று முன்கூட்டியே கேட்டு வந்தால், அந்த வெறுங்கோட்டின் மேல் முதலில் ஒரு பாலம் வரும், பிறகு தேநீருக்கு நின்ற இடம், அதன்பின் சாலை வளையும் திசை.