எண்ணெய்க் கணக்கில் முன்கூட்டியே தெரியும் என்ஜின் கோளாறு

விமான என்ஜினில் எண்ணெய் குறைந்தால் ஊற்றுகிறோம், பதிவேட்டில் எழுதுகிறோம், விமானம் புறப்பட்டுவிடுகிறது. பராமரிப்புப் பணியில் அன்றாடம் எழுதப்படும் இந்த எண்களை யாரும் வரிசையாக வைத்துப் படிக்காமல் விடுவதுதான் என் கவலை. ஏனெனில் எச்சரிக்கை விளக்கு எரிவதற்குப் பல நாள் முன்பே, தேய்ந்துவரும் பிஸ்டன் வளையமும் கசியத் தொடங்கிய பேரிங் சீலும் அந்த எண்களில் தெரிந்துவிடுவதுண்டு.

"ஒரு குவார்ட் ஊற்றப்பட்டது" என்ற பதிவு மட்டும் எதையும் சொல்லாது (குவார்ட் என்பது ஏறத்தாழ 0.95 லிட்டர்). முந்தைய முறை ஊற்றியதிலிருந்து என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்து, மணிக்கு இவ்வளவு என வகுத்து, அதே என்ஜினின் பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டும். 180 குதிரைத்திறன் பிஸ்டன் என்ஜினுக்கு அதைத் தயாரிக்கும் லைகோமிங் நிறுவனத்தின் சூத்திரம் மணிக்கு ஏறத்தாழ 0.58 குவார்ட் வரை அனுமதிக்கிறது. பத்து மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் குடித்துவந்த என்ஜின் நான்கு மணி நேரத்துக்கே ஒன்று கேட்கத் தொடங்கினால், மணிக்கான எண்ணெய்ச் செலவு 0.1-இலிருந்து 0.25 ஆகியிருக்கிறது, அது வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் நெடுநாளாக 0.3-இல் நிலையாக நிற்கும் என்ஜினை விட்டுவிட்டு இதைத்தான் நான் முதலில் ஆராய்வேன்.

கணக்கு சரியாக இருக்க, அளக்கும் நேரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பயணிகள் ஜெட் விமானங்களில் உள்ள டர்போஃபேன் என்ஜினை நிறுத்திய பின் கையேடு குறிப்பிடும் கால இடைவெளிக்குள் பார்க்காமல் மறுநாள் காலையில் பார்த்தால், தொட்டியிலிருந்து எண்ணெய் கியர்பாக்ஸுக்கு வடிந்து, அளவு குறைந்ததுபோலத் தோன்றலாம். அதை நம்பி ஊற்றினால் தொட்டி அளவுக்கு மீறி நிரம்புவதோடு, இல்லாத செலவு ஒன்றும் பதிவேட்டில் ஏறிவிடும்.

எண்ணெய் குறையாமலே இருப்பதும், அளவு கூடுவதும் மகிழ்ச்சிக்குரிய செய்திகள் அல்ல. எரிபொருளும் எண்ணெயும் வெப்பம் பரிமாறும் கருவியில் உள்விரிசல் விட்டால், அதிக அழுத்தத்தில் உள்ள எரிபொருள் எண்ணெய்க்குள் புகுந்து அதை நீர்க்கச் செய்யும். பேரிங்குகளுக்கு வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலிந்துபோகும். தொட்டி மூடியைத் திறந்ததும் எரிபொருள் வாடை அடித்தால், அந்த விமானத்தை அனுப்பக் கூடாது.

ஒரு திரவத்தின் கோளாறு இன்னொன்றின் அளவீட்டில் தெரிவதும் உண்டு. 2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக் மீது பறந்த ஏர் டிரான்சாட் 236 விமானத்தில், வலது என்ஜினின் எரிபொருள் குழாய் விரிசல் விட்டது. விமானிகள் முதலில் கண்டது அந்த என்ஜினின் எண்ணெய் வெப்பநிலை குறைந்ததையும் அழுத்தம் கூடியதையும்தான். வெப்பப் பரிமாற்றக் கருவி வழியே வழக்கத்தைவிட மிகுதியாக எரிபொருள் பாய்ந்ததே அதற்குக் காரணம். பின்னர் இரு என்ஜின்களும் நின்று, விமானம் என்ஜின் விசையின்றி மிதந்துசென்று அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. 306 பேரும் உயிர் தப்பினர்.

செலவு ஏறுவதாகத் தெரிந்தால், அளவீட்டுப் பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வெளிக்கசிவைத் தேடுங்கள். வெளியே கசிவு இல்லையெனில் எண்ணெய் உள்ளேதான் போகிறது. பிஸ்டன் என்ஜினில் சிலிண்டர் அழுத்தச் சோதனையும் வடிகட்டியை வெட்டிப் பார்ப்பதும், டர்பைன் என்ஜினில் காந்தச் சில்லு காட்டியைப் (எண்ணெயில் மிதக்கும் உலோகத் துகள்களைப் பிடித்துக் காட்டும் கருவி) பார்ப்பதும் எண்ணெய் மாதிரிப் பகுப்பாய்வும் அடுத்த படிகள். எண்ணெய் ஊற்றாத நாளிலும் இருந்த அளவைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், பார்த்தார்களா இல்லையா என்பதே அடுத்து வருபவருக்குத் தெரியாது.